அந்த மூன்று வரிகளை எழுதித் தாருங்கள்: ராணுவ ரெக்கார்ட் ஆபீஸ் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். இந்த மாவட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்மவான்பேட்டையை இங்கே எல்லோரும் ராணுவப்பேட்டை என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊரும் கிட்டத்தட்ட அப்படித்தான். தெருவில் நான்கு வீடு தாண்டினால் ஒரு வீட்டில் கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும், அதன் மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு நம்பரும் பேரும் எழுதியிருக்கும்.

எங்கள் வீட்டிலும் அந்தப் பெட்டி இருக்கிறது. என் அப்பா 1968-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். லாரி டிரைவர். 15 வருஷம் ஓட்டிவிட்டு 1983-ல் நாயக் ரேங்க்கில் பென்ஷனோடு ஊர் வந்து சேர்ந்தார். அவர் எந்தப் பிரிவு, எந்த ரெக்கார்ட் ஆபீஸ் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு அலுவலகத்தைத் தெருவில் நிறுத்த வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. இது அந்த ஒரு அலுவலகத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் எல்லா ரெக்கார்ட் ஆபீஸ் அதிகாரிகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கங்களுக்கென்று ஒரு இடம் இருக்கிறது. அதில் நீல மையில், அழகான சாய்வெழுத்தில், இரண்டே வரிகள்: ஜம்மு காஷ்மீர் கிளாஸ்ப்போடு (ரிப்பனில் குத்துகிற, இடத்தின் பெயர் பொறித்த பட்டை) சைன்ய சேவா மெடல், அப்புறம் ஒன்பது ஆண்டு நீண்ட சேவை மெடல். அதற்குக் கீழே அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. இன்னும் மூன்று வரிகள் அங்கே இருக்க வேண்டும்: 1971 பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கான பூர்வி ஸ்டார், அதே போர்க்காலப் பணிக்கான சங்கிராம் மெடல், 25-வது சுதந்திர ஆண்டு மெடல். அந்த மூன்று வரிகளுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் கடைசியாகச் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் வாதாடவே ஒன்றும் இல்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று படைகளில் பணியில் இருந்த எல்லோருக்கும் உரியது அந்த மெடல். போர்முனையில் இருந்தாரா, சமையல்கூடத்தில் இருந்தாரா என்ற கேள்வியே கிடையாது. அன்றைக்கு யூனிஃபார்மில் இருந்தாரா என்பது மட்டும்தான். அப்பா சேர்ந்த வருஷம் 1968, வெளியே வந்தது 1983 என்று அதே டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் அலுவலக முத்திரையோடு எழுதியிருக்கிறது. நடுவில் ஒரு நாள்கூட பிரேக் இல்லை. 1968-க்கும் 1983-க்கும் நடுவில் 1972 வருமா வராதா? இதற்கு நான் என்ன சான்று கொடுக்க முடியும்? ஆனாலும், நான் மனு போட்டு எட்டு மாதம் காத்திருந்த பிறகு எனக்கு வந்த பதிலில், மூன்று மெடல்களுக்குமே "உரிய ஆவணச் சான்று இணைக்கப்படவில்லை" என்றுதான் இருந்தது.

மற்ற இரண்டு மெடல்களின் கதை கொஞ்சம் நீளம். பொறுமையாகக் கேளுங்கள்.

1971-ல் அப்பா தன் சொந்த யூனிட்டில் இல்லை. செப்டம்பரில் அவரையும் இன்னும் சில டிரைவர்களையும் வேறொரு யூனிட்டுக்கு அட்டாச்மெண்ட்டில், அதாவது தற்காலிகமாக, திரிபுராவுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் தர்மநகர் வரைதான் ரயில். அங்கிருந்து அகர்தலா பக்கம் எது போக வேண்டுமென்றாலும் மலை ஏறி இறங்கி லாரியில்தான் போக வேண்டும். அத்தாரமுரா, பராமுரா என்று மலைத்தொடர்கள் குறுக்கே வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் தேலியாமுரா என்ற ஊர். லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்கின் நான்காவது கோர் என்கிற பெரும் படைப்பிரிவு மேக்னா நதியை ஹெலிகாப்டரில் தாண்டியது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அந்தக் கோருக்கு வேண்டிய குண்டு, டீசல், அரிசி, மாவு எல்லாம் அதற்கு முன்னால் மாதக்கணக்கில் இந்த ஒற்றைப் பாதையில்தான் ஏறிப் போய்ச் சேர்ந்தன. அகர்தலாவுக்கு மேற்கே கங்காசாகரில் போர் தொடங்கிய இரவிலேயே உயிர் கொடுத்து பரம் வீர் சக்கரம் பெற்றார் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா. அந்த முனைக்குப் பின்னால் வரிசையாக நின்ற சக்திமான் லாரிகளில் ஒன்றை என் அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா போரைப் பற்றி அதிகம் பேச மாட்டார். பேசினால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்வார். ராத்திரி கான்வாயில் முன்விளக்கு போடக்கூடாது. முன்னால் போகிற லாரியின் பின் அச்சில், நடுவில் உருண்டையாக இருக்கும் இடத்தில், வெள்ளைப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அதன் மேல் மட்டும் படுகிற மாதிரி சின்னதாக ஒரு விளக்கு. அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். வட்டம் சின்னதானால் நாம் பின்தங்கிவிட்டோம், பெரிதானால் இடிக்கப் போகிறோம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், மழை பெய்தால் அந்த வட்டத்தில் சேறு அடித்து மறைந்துவிடும். "மூணு மாசம் அந்த வட்டத்தைத்தாம்மா பாத்தேன், நெலாவைக்கூட அவ்வளவு நேரம் பாத்ததில்ல" என்பார். கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று, எதிரே சுவரில் இருந்த வெள்ளைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இதைத்தான் மறுபடியும் சொன்னார்.

சரி, பதக்கம் எப்படித் தவறியது? டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைவு முடிந்தது. ஜனவரியில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. அங்கேயே ஒரு ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து லீவு. லீவு முடிந்து திரும்பியபோது நேராக வேறொரு யூனிட்டுக்குப் போஸ்டிங். போருக்கான பதக்கங்கள் எல்லாம் அப்புறம்தான் அறிவிக்கப்பட்டன, யூனிட் யூனிட்டாகப் பட்டியல் போட்டார்கள். அட்டாச்மெண்ட்டில் இருந்த யூனிட், இவர் நம் ஆள் இல்லை, சொந்த யூனிட் போடும் என்று விட்டிருக்கும். சொந்த யூனிட், போரின்போது இவர் நம்மோடு இல்லையே என்று விட்டிருக்கும். புது யூனிட்டுக்கு எதுவும் தெரியாது. மூன்று யூனிட்டுக்கு நடுவில் ஒரு சிப்பாயின் பெயர் கீழே விழுந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. அப்பாவும் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாளத்தில் ஒரு சிப்பாய்க்கு நடக்கிற எதுவும், லீவு, போஸ்டிங், கல்யாணம், குழந்தை பிறந்தது, பதக்கம், எல்லாமே 'பார்ட் டூ ஆர்டர்' என்கிற தாளில் வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. அதை யூனிட் கிளார்க் டைப் அடிப்பார். ஒரு பிரதி ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும், ஒரு பிரதி சம்பளக் கணக்கு அலுவலகத்துக்குப் போகும். ரெக்கார்ட் ஆபீஸில் அதைப் பார்த்து அந்தச் சிப்பாயின் ஷீட் ரோலில், அதாவது அவருடைய பணிப் பதிவேட்டில், ஏற்றுவார்கள். சிப்பாய் ஊருக்குப் போகும்போது ஷீட் ரோலைப் பார்த்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எழுதுவார்கள். தாள் வரவில்லை என்றால் ஷீட் ரோலில் வராது. ஷீட் ரோலில் இல்லையென்றால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்காது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் சிப்பாயின் கையில் இல்லை. பார்ட் டூ ஆர்டரின் பிரதி அவர் வீட்டுக்கு வராது.

இப்போது உங்கள் பதிலைத் திரும்பிப் பாருங்கள். "பதக்கத்துக்கு உரிமை உள்ளதைக் காட்டும் பார்ட் டூ ஆர்டரின் நகலை இணைத்து மறுபடியும் விண்ணப்பிக்கவும்." ஐயா, அந்தத் தாள் வரவில்லை என்பதுதானே எங்கள் மனு! வந்திருந்தால் அது உங்களிடம் அல்லவா இருக்கும்? 75 வயதைத் தாண்டிய ஒருவரிடம், அவர் கைக்கு வரவே முடியாத ஒரு தாளைக் கேட்பது எந்த விதத்தில் சரி?

அந்தப் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆர்டர் இல்லாம அவங்க எப்படிப் போடுவாங்க, அவங்களும் நம்ம மாதிரிதானே" என்றார். எனக்குத்தான் ஆறவில்லை.

அதன் பிறகு பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அப்பாவின் ஷீட் ரோல் நகல் கேட்டேன். அது கிடைத்தது, அதற்கு நன்றி. மங்கலான ஜெராக்ஸ், ஆறு பக்கம். சுருக்கெழுத்துகள் பாதி எனக்குப் புரியவில்லை. அப்பாவையும், அதே தெருவில் இருக்கிற, பட்டாளத்தில் ஹெட் கிளார்க்காக இருந்த ஒரு மாமாவையும் உட்கார வைத்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

மூன்றாவது பக்கத்தில் இருந்தது. 1971 செப்டம்பர் தேதி போட்டு, அட்டாச்மெண்ட் என்று எழுதி, அந்த யூனிட்டின் நம்பர். நான்காவது பக்கத்தில் 1972 ஜனவரியில் மருத்துவமனையில் சேர்ந்த தேதி, மருத்துவமனையின் பெயர். அது கிழக்கே இருக்கிற மருத்துவமனை. செப்டம்பரில் போனவர், ஜனவரியில் அங்கேயே படுத்திருக்கிறார். நடுவில் டிசம்பரில் அவர் வேறு எங்கே இருந்திருக்க முடியும்? ஹெட் கிளார்க் மாமா மேஜையைத் தட்டி, "இதுக்கு மேல என்ன புரூஃப் வேணும்?" என்று சத்தம் போட்டார். அப்பா அந்த நாலாம் பக்கத்தை மட்டும் கையில் எடுத்து, அந்த மருத்துவமனைப் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கே சந்தேகம் வந்திருந்தது என்று அப்புறம் ராத்திரி சொன்னார். இத்தனை வருஷம் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி, தான் அங்கே போனது நிஜம்தானா என்று அவருக்கே சில சமயம் தோன்றுமாம்.

இந்த ஒரு வரியை உங்கள் அதிகாரிகள் எல்லோரும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தப் பக்கங்களை இணைத்து மறுபடியும் அனுப்பினேன். அட்டாச்மெண்ட் பதிவு மட்டும் போதாது என்று பதில் வந்தது. அதோடு, ஷீட் ரோலில் இருக்கும் பெயருக்கும் விண்ணப்பத்தில் இருக்கும் பெயருக்கும் ஆங்கில எழுத்தில் வித்தியாசம் இருக்கிறது என்று புதிதாக ஒன்று. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஆள் சேர்ப்பு முகாமில் வரிசையில் நின்ற 18 வயதுப் பையனிடம் பெயர் கேட்டு, தமிழே தெரியாத ஒரு கிளார்க் தன் காதில் விழுந்ததை எழுதினார். இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாமல் தாத்தாவின் பெயரைப் பின்னால் ஒட்டினார். அந்தப் பெயர்தான் 15 வருஷம் அவர் பெயர். ஊருக்கு வந்த பிறகு ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் தமிழ் முறைப்படி இனிஷியல் முன்னால். தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் வீடு எதற்குப் போனாலும் இந்தப் பெயர்ச் சிக்கல் இருக்கும். பென்ஷன் 'ஸ்பர்ஷ்' என்கிற ஆன்லைன் முறைக்கு மாறியபோது எத்தனை பேர் இதற்காக அலைந்தார்கள்! பெயரில் ஒரு எழுத்து மாறலாம். பதக்கத்தின் விளிம்பில் பொறிக்கிற ஆர்மி நம்பர் மாறாது. அந்த நம்பரை வைத்துத்தானே மாதாமாதம் பென்ஷன் வருகிறது? பென்ஷன் தரும்போது சரியாக இருக்கிற ஆள், மெடல் கேட்கும்போது எப்படி வேறு ஆளாவார்?

இதில் என்ன பெரிய லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் சொந்தத்திலேயே கேட்டார்கள். வீரச் செயலுக்கான விருது என்றால் மாநில அரசு பணம் தரும். பூர்வி ஸ்டாருக்கும் சங்கிராம் மெடலுக்கும் அப்படி எதுவும் இல்லை. பென்ஷன் ஒரு ரூபாய்கூட ஏறாது. இந்தப் பதக்கங்கள், "நீ அங்கே இருந்தாய்" என்று மட்டும்தான் சொல்கின்றன. எனக்கு அதுவே போதும், அப்பாவுக்கும் அதுதான் வேண்டும். காசு இல்லாத ஒன்றுக்காக ஒரு கிழவர் பொய் சொல்லி ஐம்பது வருஷம் கழித்து மனு போடுவாரா என்று நீங்களும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். போலியாகக் கேட்பவர்கள் இருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. சரிபாருங்கள், நன்றாகச் சரிபாருங்கள். ஆனால் சரிபார்க்க வேண்டிய காகிதங்கள் உங்கள் அலமாரியில் இருக்கும்போது எங்கள் பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள்.

கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றும் சொன்னார்கள். உண்மைதான், கன்டோன்மென்ட் பக்கத்துக் கடைகளில் எல்லா மெடலின் நகலும் ரிப்பனோடு தொங்கும். ஒரு முறை என் தம்பி அப்படி மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தான். அப்பா கையில் வாங்கினார். விளிம்பைத் தடவிப் பார்த்தார், நம்பர் இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. பேப்பரில் சுற்றித் தம்பியிடமே கொடுத்துவிட்டார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் முன்னாள் படைவீரர்களைக் கூப்பிட்டு முதல் வரிசையில் உட்கார வைப்பார்கள். எல்லோரும் மெடல் குத்திக்கொண்டு வருவார்கள். அவரோடு ஒரே கான்வாயில் லாரி ஓட்டிய பக்கத்து ஊர்க்காரர் ஐந்து மெடலோடு வருவார். அப்பா இரண்டோடு போவார். பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்கள், பிள்ளைகள் எண்ணத்தான் செய்வார்கள். நான்கு வருஷமாக அப்பா அந்த விழாவுக்குப் போவதில்லை. முட்டி வலி என்கிறார்.

பழைய ஆவணம், தேட முடியாது என்று சொல்வீர்களானால் ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ராணுவ ஆவண மையத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்தது. ஒரு கோடியே 60 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 80 லட்சம் வரை கோப்புகள் எரிந்துபோயின. அங்கே இருந்தவர்கள் எரிந்துபோச்சு என்று கைவிரித்துவிடவில்லை. தண்ணீரில் ஊறியவையும் ஓரம் கருகியவையுமாக சுமார் 65 லட்சம் கோப்புகளை மீட்டார்கள். கோப்பு முழுதாக எரிந்துபோனவர்களுக்கு, வேறு அலுவலகங்களில் இருந்த கடைசிச் சம்பள ரசீது போன்றவற்றைத் தேடி எடுத்து, அந்த மனிதரின் பணிக்காலத்தைத் திரும்பக் கட்டி எழுதுகிறார்கள். விட்டுப்போன பதக்கத்தைச் சேர்ப்பதற்கென்றே, பழைய டிஸ்சார்ஜ் தாளோடு இணைக்கிற திருத்தத் தாள் ஒன்று அங்கே வழக்கத்தில் இருக்கிறது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரில் ஆர்க்டிக் கடலில் கப்பல் ஓட்டியவர்களுக்கான 'ஆர்க்டிக் ஸ்டார்' 2013-ல்தான் கொடுக்கப்பட்டது. 70 வருஷம் கழித்து, உயிரோடு இருந்தவர்கள் தொண்ணூறு வயதில் வாங்கிக்கொண்டார்கள். காலம் கடந்துவிட்டது என்று அங்கே கடைசிவரை மறுத்துவிடவில்லை. நம்மிடம் தீயும் பிடிக்கவில்லை. காகிதம் இருக்கிறது, மூன்றாம் பக்கத்திலும் நான்காம் பக்கத்திலும் இருக்கிறது.

எங்கள் அப்பாவாவது பென்ஷன்காரர், அவர் கோப்பு பத்திரமாக இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் சில வருஷம் மட்டும் இருந்துவிட்டு வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகள் கழித்து அழித்துவிடலாம் என்பது விதி. 1965-லும் 1971-லும் போரில் இருந்துவிட்டு அப்படி வந்தவர்கள் எங்கள் தாலுகாவிலேயே இருக்கிறார்கள். அவர்களின் ஷீட் ரோல் என்றோ போய்விட்டது. இன்று அவர்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி, கையில் இருக்கிற டிஸ்சார்ஜ் புத்தகம். எங்கள் தெருக்கோடியில் ஒரு அத்தை இருக்கிறார். அவர் வீட்டுக்காரரின் புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது. நடுவில் ஓட்டையோடு மிச்சம் இருப்பதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். 1965 போருக்கான சமர் சேவா ஸ்டார் என்ற பதக்கத்தின் பெயரில் பாதி எழுத்து ஓட்டையில் போயிருக்கிறது. அவர் என்னிடம் கேட்டதெல்லாம், "இதை ஒரு புதுத் தாள்ல எழுதித் தருவாங்களாம்மா?" என்பதுதான். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 1987-க்குப் பிறகு அமைதிப்படையில் இலங்கைக்குப் போய் வந்தவர்களும் இப்போது அறுபதைத் தாண்டுகிறார்கள். அவர்களும் இதே கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. தேதியை வைத்தே முடிவு சொல்லக்கூடிய பதக்கங்களுக்கு, அந்தச் சுதந்திர ஆண்டு மெடலைப் போன்றவற்றுக்கு, மனுவே கேட்காதீர்கள். சேர்ந்த தேதியும் வெளியே வந்த தேதியும் உங்கள் கணினியில் இருக்கின்றன. விட்டுப்போனவர்களை நீங்களே கண்டுபிடித்து எழுதிவிடலாம். போர்ப் பதக்கங்களுக்கு மனு வந்தால், சான்று கேட்டுத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் அந்த ஆளின் ஷீட் ரோலை முழுவதுமாக ஒருவர் படிக்கட்டும். அட்டாச்மெண்ட் போட்டிருந்தால் அந்த யூனிட்டின் பார்ட் டூ ஆர்டர்களை நீங்களே தேடிப் பாருங்கள். சம்பளக் கணக்கு அலுவலகத்தில் களப்பகுதிப் படி (போர்முனைப் பகுதியில் இருந்ததற்கான கூடுதல் தொகை) கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவைப் பாருங்கள். இவை எல்லாம் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு எழுதினால் கிடைப்பவை. நான் எழுதினால் கிடைக்காது. தேடியும் இல்லையென்றால், எந்தெந்தப் பதிவேட்டைப் பார்த்தோம், எந்த வருஷத்துக்குப் பார்த்தோம் என்று பதிலில் எழுதுங்கள். "பதிவு இல்லை" என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்து எங்கே போவது என்று யாருக்கும் தெரியாது.

ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சென்னையிலேயே பெஞ்ச் இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். போகலாம்தான். ஆனால் அப்பா மறுத்துவிட்டார். தான் 15 வருஷம் சாப்பிட்ட சோற்றின் மேல் கேஸ் போட மாட்டேன் என்கிறார். அவரை மீறி நான் போகப் போவதில்லை. அதனால்தான் மடல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆள் இறந்த பிறகு பதக்கத்தை வாரிசிடம் கொடுக்க வழி இருக்கிறது, எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டாம். அவர் விளிம்பைத் தடவிப் பார்த்து, தன் நம்பரை விரலால் படிக்க வேண்டும். இப்போது கண் பரவாயில்லை, கையும் நடுங்கவில்லை. இன்னும் எத்தனை வருஷம் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்பாவின் ஆர்மி நம்பர், ஷீட் ரோலின் மூன்றாம், நான்காம் பக்க நகல்கள், இதுவரை வந்த இரண்டு பதில்கள், எல்லாவற்றையும் உரிய அலுவலகத்துக்குத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். திருத்தி எழுத மூல டிஸ்சார்ஜ் புத்தகம் வேண்டும் என்று கேட்டால் தபாலில் அனுப்ப மாட்டேன், மன்னிக்கவும். ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள். எத்தனை மணி நேர ரயில் என்றாலும் நானே மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன். நீங்கள் எழுதி முத்திரை வைக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவும் கூட வருவதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
1971-ல் தர்மநகர்–அகர்தலா பாதையில் லாரி ஓட்டிய ஒரு நாயக்கின் மகள்